சுண்ணாம்பு பூசிய பத்தாய் மரங்கள்

2024 செப்டம்பர் 3, செவ்வாய்

இன்று ஒன்றும் நடக்கவில்லை. கூட்டம் நடந்தது.

பன்னிரண்டு குடும்பம், ஆளுக்கு நான்கு ஏக்கர். ஜொகூரில் சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் பழைய எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றபோது அங்கே லாயத்தில் குடியிருந்த தொழிலாளர்கள் சேமிப்பைத் திரட்டி வாங்கிய நிலம். போன வருஷம் வரை ரப்பர் எடுக்கும் கிழட்டுப் பால் மரங்கள் நின்றன. இப்போது அரசாங்கத்தின் கூட்டு மரத்தோட்டத் திட்டத்தில் போன நவம்பரில் நட்ட பத்தாய் நிற்கிறது. மளமளவென்று வளரும், எட்டு வருஷத்தில் வெட்டி ஒட்டுப்பலகைக்கு அனுப்பும் மரம். கன்று இலவசம். மரம் வளரும்வரை மாதாமாதம் பராமரிப்பு உதவித்தொகை. பதிலுக்கு நாங்கள் இயற்கையைக் கெடுக்காமல் இருக்க வேண்டும். கெடுக்கவில்லை என்று வருஷத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து பார்த்துச் சான்று தர வேண்டும். அவர் அக்டோபர் பதினைந்தாம் தேதி வருகிறாராம்.

எனக்கு ஒரு சதுர அடி நிலமும் கிடையாது. குளுவாங் நில அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் எழுத்துக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன், மலாய் விண்ணப்பப் பாரத்தை வியர்க்காமல் நிரப்புகிறவன் என்பதற்காகச் செயலாளர் ஆக்கியிருக்கிறார்கள். இழக்க ஒன்றும் இல்லாதவனிடம் பொறுப்பைக் கொடுப்பது அரசாங்கத்துக்கு மட்டும் உள்ள பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

பன்னிரண்டு பேரில் ஒருவரான கிருஷ்ணம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தோமஸ் அண்ணே, பால் மரத்த வெட்டச் சொன்னது நீங்க. காசு நின்னுறாதுல்ல?"

நிற்காது என்றேன்.

செப்டம்பர் 19, வியாழன்

கிருஷ்ணம்மாவின் கேள்வி இரண்டு வாரமாகக் கூடவே வருகிறது. மற்ற பதினொரு வீட்டிலும் வேறு ஏதோ ஒரு வரும்படி உண்டு. வேலுவுக்கு டவுனில் மோட்டார் சைக்கிள் பட்டறை. ஒருவருக்குச் செம்பனைத் தோட்டம், ஒருவருக்கு ஆசிரியை மருமகள். கிருஷ்ணம்மாவுக்குப் புருஷன் இல்லை. இருந்தது அந்தப் பால் மரங்கள்தாம். ஐம்பத்திரண்டு வயது வரை தானே சீவிக் குடும்பம் நடத்தினார். மகன் கவின் சிங்கப்பூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். நிலத்தை டுரியான் பழக் கம்பெனிக்கு முப்பது வருஷக் குத்தகைக்கு விடு என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். கம்பெனி நிலத்தை மொட்டையடித்து மேடு வெட்டும். முப்பது வருஷம் கழித்து யாருக்குத் திரும்பி வரும்?

திட்டத்தில் சேருங்கள், நிலம் கையில் இருக்கும் என்று சொன்னது நான். கையெழுத்துப் போடும் இடத்தில் புள்ளி வைத்துக் காட்டியதும் நான்.

செப்டம்பர் 27, வெள்ளி

மழை. திட்டத்தின் வழிகாட்டி நூலை மறுபடி படித்தேன். நாற்பத்தாறு பக்கம். 'லெஸ்தாரி' (இயற்கை கெடாமல் நிலைப்பது) என்ற மலாய்ச் சொல் நூற்றுப் பதினொரு முறை வருகிறது. ஓய்வூதியக்காரனுக்கு எண்ண வேறு என்ன இருக்கிறது.

அக்டோபர் 8, செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது. தணிக்கையாளர் கோலாலம்பூரிலிருந்து வருகிறார். குழுவின் வாட்சப்பில் போட்டேன்: "பெரிய இடத்திலிருந்து வருகிறார்கள். தோட்டம் பார்க்கும்படி இருக்கட்டும்."

பதினொரு கட்டைவிரல் வந்தது. பன்னிரண்டாவதாகக் கிருஷ்ணம்மாவின் குரல் பதிவு: "நீங்க கவலப்படாதீங்கண்ணே. நாங்க பாத்துக்கிறோம்."

அக்டோபர் 13, ஞாயிறு

ஆறு நாளாகப் புல்வெட்டும் இயந்திரங்களின் சத்தம். இன்று போய்ப் பார்த்தேன். நாற்பத்தெட்டு ஏக்கரிலும் ஒரு புல் இல்லை. ஓடையோரத்துப் புதரை வேரோடு எடுத்துக் கரையை மெழுகிவிட்டது போல் வைத்திருந்தார்கள். கிருஷ்ணம்மா வாளியோடு வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார். ஒவ்வொரு பத்தாய் மரத்துக்கும் அடியிலிருந்து இடுப்பு உயரம் வரை வெள்ளைச் சுண்ணாம்பு. பெரிய துரை வருகிற அன்று எஸ்டேட்டில் அப்படித்தான் பூசுவார்கள். பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

"எப்படிண்ணே?" என்றார்.

"பிரமாதம்" என்றேன்.

இதை எழுதி வைக்க வேண்டும். நாற்பத்தாறு பக்கம் படித்தவன் சொன்னான், பிரமாதம் என்று.

அக்டோபர் 15, செவ்வாய்

தணிக்கையாளர் ஜொகூர் பாருவில் பிறந்து கோலாலம்பூரில் வேலை பார்க்கும் தமிழ்ப் பெண். ஆட்ரி என்று பெயர், முப்பது வயதிருக்கும். மாலை போட்டோம். வடை, பால் கலக்காத தே ஓ. நன்றாகச் சாப்பிட்டாள். பிறகு தோட்டத்துக்குள் நடந்தாள்; பத்தடியில் நின்றுவிட்டாள்.

"அங்கிள், இது என்ன வெள்ளையா?"

"சுண்ணாம்பும்மா."

"எதுக்கு?"

பன்னிரண்டு குடும்பமும் என்னைப் பார்த்தது. வேலுதான் வாய் திறந்தான். "அழகா இருக்கும்ல மிஸ்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே படம் எடுத்தாள். ஓடைக்குப் போனாள், அங்கே சிரிக்கவில்லை. கரையிலிருந்து ஐந்து மீட்டருக்குப் புதரைத் தொடக் கூடாது, இருபத்திரண்டாம் பக்கம். மரங்களுக்கிடையில் தரைச்செடி மூடியிருக்க வேண்டும், மண் வெளியே தெரியக் கூடாது, பத்தொன்பதாம் பக்கம். இரண்டு பக்கமும் எனக்கு அப்போது, அந்த இடத்தில், அட்சரம் பிசகாமல் ஞாபகம் வந்தன. ஒரு வாரம் தாமதம்.

"அங்கிள், நான் பார்த்த தோட்டத்துலயே இதான் ரொம்ப கிளீன். அதான் பிரச்சினையே. இத இப்படிச் செய்யச் சொன்னது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கிருஷ்ணம்மா முந்திக்கொண்டார். "யாரும் சொல்லலம்மா. நாங்களாத்தான் செஞ்சோம். எங்களுக்கு அப்படித்தான் பழக்கம்."

வாயை மூடிக்கொண்டேன். அலுவலகத்தில் நன்றாகப் பழகிய வித்தை.

நவம்பர் 1, வெள்ளி

நேற்று தீபாவளி. கிருஷ்ணம்மா வீட்டிலிருந்து முறுக்கு வந்தது. என் மனைவி அந்தோணியம்மாள் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது கேக் வைத்து அனுப்பினாள். முறுக்கை நான் தொடவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

கடிதம். தரைச்செடிகள் முழுமையாக அகற்றப்பட்டுள்ளன. ஓடையோரக் காப்புப் பகுதி அழிக்கப்பட்டுள்ளது. மரத்தண்டுகளில் அடையாளம் தெரியாத வெள்ளை இரசாயனம் பூசப்பட்டுள்ளது. சான்று நிறுத்தி வைக்கப்படுகிறது, உதவித்தொகையும். ஆறு மாதம் கழித்து மறு ஆய்வு.

வேலுவின் பட்டறையில் எல்லாரும் கூடினோம். வாசித்துக் காட்டினேன்.

"அலமாக்" என்று தலையில் அடித்துக்கொண்டான் வேலு. "ஒரு புல்லு இருந்துச்சுன்னா எஸ்டேட்ல வேல வாங்குற மண்டோர் எங்கப்பனுக்கு அரை நாள் சம்பளத்த வெட்டுவான். இப்ப புல்லு இல்லேன்னு கவர்மெண்டு மொத்தத்தையும் வெட்டுது. புல்லுக்குத்தான் லா இந்த நாட்டுல மரியாத."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிருஷ்ணம்மா கடிதத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மலாய் அவருக்கு நன்றாகவே படிக்க வரும்.

"ஆறு மாசம்னா மே மாசமா?"

"ஆமாம்மா."

"அதுவரைக்கும்?"

வீட்டுக்கு வந்து அந்த நாற்பத்தாறு பக்கத்தையும் மறுபடி புரட்டினேன்.

நவம்பர் 14, வியாழன்

தவறு என்னுடையது, குழுவினருடையது அல்ல என்று திட்டத்தை நடத்தும் வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். நல்ல மலாய். எனக்கே பிடித்திருந்தது.

நவம்பர் 29, வெள்ளி

பதில் வந்தது. தங்கள் கடிதம் பெறப்பட்டது என்று.

டிசம்பர் 9, திங்கள்

கிருஷ்ணம்மா பத்து பாகாட் டவுனில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டார். சட்டைகளில் தொங்கும் நூலைக் கத்தரித்து, பொத்தான் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. காலை ஐந்தே முக்காலுக்குச் சந்தியில் வேன் வருகிறது. என் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரியும். இன்று கையாட்டினார். நான் செய்தித்தாள் எடுக்க வந்தவன் போல் குனிந்துகொண்டேன்.

ஏன் குனிந்தேன்?

டிசம்பர் 25, புதன்

பூசைக்குப் போனோம். சாமியார் பொறுமையைப் பற்றிப் பேசினார். வாரியத்தில் சொந்தக்காரர் இருப்பார் போலும்.

2025 ஜனவரி 5, ஞாயிறு

இந்த வருஷம் முதல் ஜொகூரில் வார விடுமுறையை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒரு மாநிலத்தின் ஞாயிற்றுக்கிழமையையே நகர்த்துகிறவர்களால் ஒரு மறு ஆய்வை நகர்த்த முடியவில்லை.

தோட்டத்துக்குப் போனேன். மழைக்குப் புல் முழங்கால் வரை வந்துவிட்டது. சுண்ணாம்பு பாதி கரைந்திருந்தது. கிருஷ்ணம்மா வரப்பில் நின்றுகொண்டிருந்தார், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.

"உள்ள போனா கை சும்மா இருக்காதுண்ணே. அதான் இங்கயே நிக்கிறேன்."

"நல்லா வளருது."

"மரமா, புல்லா?"

"ரெண்டும்."

"சாமி கிட்ட எதக் கேக்கிறதுன்னே தெரியல. எங்காத்தா இருந்தா என்னத் தொடப்பத்தாலயே அடிக்கும், புல்லு வளரணும்னு வேண்டிக்கிறியான்னு."

ஜனவரி 30, வியாழன்

சீனப் புத்தாண்டு விடுமுறைக்குக் கவின் வந்திருக்கிறான். வாசலில் நின்றே பேசினான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அங்கிள், மரியாதையாத்தான் கேக்கிறேன். நீங்க எங்கம்மாகிட்ட என்ன சொல்லி மரத்த வெட்ட வச்சீங்க?"

"நிலம் கையில இருக்கும்னு."

"நிலம் இருக்கு. அம்மா இல்ல. காலையில அஞ்சரைக்குப் போயிட்டு ராத்திரி எட்டு மணிக்கு வருது. நான் காசு அனுப்பினா வாங்க மாட்டேங்குது. பக்கத்து எடத்த டுரியான்காரன் எடுத்துட்டான். எங்களுக்கு ஜூன் கடைசி வரைக்கும் டைம் குடுத்திருக்கான். அதுக்குள்ள உங்க கவர்மெண்டு கண்ணு தொறக்கலேன்னா நான் அம்மாவ ஸைன் பண்ண வைப்பேன்."

உங்க கவர்மெண்டு. முப்பத்தோரு வருஷம் அதன் முத்திரையைக் குத்தியவன், மறுக்க முடியவில்லை.

"அம்மா என்ன சொல்றாங்க?"

"ஜூன் வரைக்கும் பாப்போம்னு சொல்லுது. அப்புறம் என் இஷ்டமாம்."

மார்ச் 11, செவ்வாய்

கிருஷ்ணம்மாவின் நிலத்தில் ஏழெட்டு மரங்களைக் கொடி சுற்றி நெரிக்கிறது. வெட்டலாமா? தரைச்செடியைத் தொடக் கூடாது என்பது விதி. கொடி தரையில் இல்லை, மரத்தில் இருக்கிறது. ஆனால் வேர் தரையில் இருக்கிறது. வாரியத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டேன். இந்த வயதில் ஒரு கொடியின் சட்ட நிலை பற்றி.

ஏப்ரல் 2, புதன்

பதில்: கையால் வெட்டலாம். சொன்னேன். "நான் அன்னிக்கே வெட்டிட்டேன். மரம் செத்தப்புறம் அனுமதிய அது மேல போத்தவா?" என்றார் கிருஷ்ணம்மா.

ஏப்ரல் 15, செவ்வாய்

மறு ஆய்வு ஒரு மாதம் முன்னதாகவே வந்தது. சொல்லாமல் வந்தார்கள். ட்ரோனை மேலே விட்டு இருபது நிமிஷம் சுற்றவிட்டார்கள். இந்த முறை மாலை இல்லை, வடை இல்லை. பன்னிரண்டு நிலத்திலும் ஒருவரும் இல்லை. கிருஷ்ணம்மா பத்து பாகாட்டில் நூல் கத்தரித்துக்கொண்டிருந்தார். நான் மட்டும் சாலையோரம் நின்று, ஒரு பூச்சி எங்கள் தலையெழுத்தைப் படம் பிடிப்பதை அண்ணாந்து பார்த்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

உயிர்த்த ஞாயிறு. கழுத்து வலி.

மே 8, வியாழன்

தேறிவிட்டோம்! தரைமூடல் தொண்ணூற்று நான்கு விழுக்காடு. ஓடைக்கரை 'மெச்சத்தக்க வகையில் மீண்டுள்ளது'. கிருஷ்ணம்மாவின் நான்கு ஏக்கரைத் தனியாகக் குறிப்பிட்டு, 'முன்மாதிரியான பராமரிப்பு' என்று எழுதியிருக்கிறார்கள். ஐந்து மாதம் அவர் உள்ளே கால் வைத்தது அந்தக் கொடியை வெட்ட மட்டும்.

கூடவே ஒரு பாரம். உதவித்தொகை மறுபடி தொடங்க ஒவ்வொருவரும் நிரப்ப வேண்டும். மூன்றாவது பகுதி: விண்ணப்பதாரர் விவசாயியா? வேறு இடத்தில் மாதச் சம்பளம் பெறுகிறாரா? பெற்றால் தகுதி இல்லை. திட்டம் கிராமப்புறத்து ஏழை விவசாயிகளுக்கானது.

மூன்று முறை படித்தேன். உதவித்தொகை நின்றதால் வேலைக்குப் போனார். வேலைக்குப் போனதால் உதவித்தொகை கிடையாது. இதை எழுதியவர் கெட்டவர் இல்லை. எனக்கு அந்த மேசை தெரியும். அதிலிருந்து பார்த்தால் சந்தியும் தெரியாது, வேனும் தெரியாது.

பட்டறை வேலுவுக்கும் செம்பனைக்காரருக்கும் சிக்கல் இல்லை, யாரும் சம்பளக்காரர்கள் அல்லர். கிருஷ்ணம்மா ஒருத்திக்குத்தான்.

மே 11, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

மத்தியானம் பாரத்தை எடுத்துக்கொண்டு கிருஷ்ணம்மா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டு போயிருந்தேன். தொழில்: விவசாயி. மாதச் சம்பளம்: இல்லை. வாழ்நாளில் நான் எழுதிய முதல் பொய்ப் பாரம். இந்த இரண்டு வரிக்காக எத்தனை பேரின் மனுவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! கையெழுத்து என்னவோ வழக்கம்போல் அழகாகத்தான் இருந்தது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார்.

"இது யாருண்ணே, சம்பளம் வாங்காத கிருஷ்ணம்மா?"

"யாரும் போய்ப் பாக்க மாட்டாங்கம்மா."

"அன்னிக்கு அந்தப் பொண்ணுகிட்ட உங்களுக்காக ஒரு பொய் சொன்னேன். அது போதும்."

எனக்குத் தெரிந்திருந்தது. அவருக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று. ஏழு மாதமாக இரண்டு பேரும் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். என் தப்புதாம்மா, நான்தான் அந்த மெசேஜ் போட்டேன், சுண்ணாம்பப் பாத்துப் பிரமாதம்னு வேற சொன்னேன், மன்னிச்சுக்கங்க என்று சொன்னேன். அறுபத்து மூன்று வயதில்.

"அட விடுங்கண்ணே. நீங்க சொல்லலேன்னாலும் நான் பூசியிருப்பேன். யாராச்சும் வர்றாங்கன்னா எனக்குக் கை நிக்காது." பாரத்தை என்னிடம் நீட்டினார். "இதக் கிழிச்சிருங்க. வேற ஒண்ணு கொண்டாங்க. வெள்ளிக்கிழம எழுதுவோம்."

"வெள்ளிக்கிழமை என்ன?"

"நாளைக்குச் சூப்பர்வைசர்கிட்டச் சொல்லணும். வாரக் கடைசில நிறுத்திடுவாங்க."

"கிருஷ்ணம்மா, காசு வரும்னு உறுதி இல்ல. எழுதிக் குடுத்தா பரிசீலிப்போம்னுதான் போட்டிருக்கான். அது எனக்குத் தெரிஞ்ச வார்த்தை. வேலையையும் விட்டுட்டு, அதுவும் வரலேன்னா?"

"அப்ப டுரியான். கவின் ஆசப்பட்டபடி." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா விவசாயின்னு எழுதினா விவசாயியா இருக்கணும்லண்ணே."

மே 16, வெள்ளி

எழுதினோம். அனுப்பினேன்.

மே 19, திங்கள்

வேன் வந்தது. இரண்டு முறை ஹாரன் அடித்தது. போய்விட்டது.

ஜூன் 10, செவ்வாய்

வாரியத்துக்குத் தொலைபேசி. பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். யாருடைய பரிசீலனையில் என்று கேட்டேன். சம்பந்தப்பட்ட தரப்பின் என்றார்கள். நானும் ஒரு காலத்தில் சம்பந்தப்பட்ட தரப்பாக இருந்தவன். அப்போது நான் எங்கே இருந்தேன் என்பது எனக்கும் தெரியாது.

அந்தோணியம்மாள் ஒரு மூட்டை அரிசியைக் கிருஷ்ணம்மா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். திருப்பி அனுப்பவில்லையாம். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

கடிதம். ஜூலை முதல் உதவித்தொகை தொடரும். ஆறு மாதத்துக்கு; பிறகு மறுபடி ஆய்வு. கிருஷ்ணம்மா படித்துவிட்டு நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தவர் முகம்.

வாரிசு பெயர் எழுத ஒரு தனித்தாளும் இணைத்திருக்கிறார்கள். காலியாக விட்டிருக்கிறோம். ஆறு மாதக் கடிதம் தனக்குப் போதாது என்று கவின் தொலைபேசியில் சொல்லிவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமை குத்தகைப் பத்திரத்தோடு வருகிறான்.

ஜூன் 29, ஞாயிறு

கவின் வந்தான். கிருஷ்ணம்மா என்னையும் வரச் சொல்லியிருந்தார். மேசை மேல் பத்திரம், பேனா. கையெழுத்துப் போடும் இடங்களில் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. நேர்த்தியான வேலை; நான் புள்ளிதான் வைப்பேன்.

"ஆறு மாசம்மா. ஆறு மாசத்துக்கு ஒருக்கா எவனாச்சும் வந்து புல்ல அளந்து பாத்துச் சோறு போடுவான். இது ஒரு பொழப்பா?"

"சரிதான்" என்றார் கிருஷ்ணம்மா. "ஜூன் வரைக்கும்னுதான் சொன்னேன். போடுறேன். ஆனா எதக் குடுக்கிறோம்னு பாத்துட்டு வந்துரு. நீ உள்ள போயி ரெண்டு வருஷம் ஆச்சு."

"அங்க என்ன இருக்கு?"

"போயிப் பாரு."

சிங்கப்பூர்ச் சப்பாத்தோடு போனான். அம்மா கூடப் போகவில்லை. நாங்கள் இரண்டு பேரும் தே ஓ குடித்தோம். கால் மணி நேரத்தில் வந்துவிடுவான் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று.

வந்தபோது கால்சட்டை முழுக்க ஒட்டுப்புல். ஒரு காலில் அட்டை கடித்து ரத்தம். படியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினான்.

"அந்த ஓடையோரத்து மரம்லாம் மூணு மாடி உசரம் இருக்கு."

"மண்ணு ஈரம்ல" என்றார் கிருஷ்ணம்மா.

வெகுநேரம் ஒட்டுப்புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான். பத்திரத்தைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

"ஸைன் பண்ணலேன்னா திரும்ப ஃபேக்டரிக்குப் போவியா?"

"போக மாட்டேன்."

"நான் அனுப்புற காச வாங்குவியா?"

"கவர்மெண்டு காசு நடுவுல நின்னுச்சுன்னா வாங்கிக்கிறேன்."

பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் தள்ளினான். என் பக்கம் திரும்பினான். பார்வை ஒன்றும் கனிந்துவிடவில்லை.

"அங்கிள், அதுல வாரிசுன்னு ஒரு பேப்பர் வந்திருக்காமே?"

கொடுத்தேன். என்னை எழுத விடவில்லை. மடிமேல் வைத்துத் தானே எழுதினான்: பெயர், அடையாள அட்டை எண், தொழில் - கிரேன் இயக்குநர், சிங்கப்பூர். பேனாவைத் திருப்பிக் கொடுத்தான்.

"எட்டு வருஷம்னா வெட்டு எந்த மாசம் வரும்?"

"ரெண்டாயிரத்து முப்பத்தொண்ணு நவம்பர்" என்றேன்.

"நவம்பரா? அது மழ மாசமாச்சே அங்கிள். லாரி எப்படி உள்ள வரும்?"